வேலை பார்த்ததற்கு அத்தாட்சி எங்கே?

நாமக்கல்லில் ஒரு லாரி எடைமேடையில் ஏறி இறங்கினால் உடனே ஒரு சீட்டு வருகிறது. லாரியின் நம்பர், சரக்கின் எடை, நாள், நேரம் எல்லாம் அதில் இருக்கும்.

சேலத்து ஜவ்வரிசி மூட்டைக்கும் கணக்கு உண்டு. 1981-ம் ஆண்டில் தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரும் மூட்டை எந்த ஆலையுடையது, என்ன விலைக்குப் போயிற்று என்பதெல்லாம் ஏட்டில் ஏறிவிடும்.

கோழிப்பண்ணை முட்டைக்கு விலை அறிவிப்பு உண்டு. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறியில் இருந்து இறங்கும் துணிக்கு மீட்டர் கணக்கு உண்டு.

அந்த லாரியை ஓட்டியவருக்கு? மூட்டையைச் சுமந்தவருக்கு? முட்டையை எடுத்து அடுக்கியவருக்கு? துணியை நெய்தவருக்கு?

அவர்களில் பலருடைய கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை!

வாரக் கடைசியில் கூலி வருகிறது. எண்ணி வாங்கி, மடியில் முடிந்துகொண்டு போகிறார்கள். வேலை நடக்கிற வரையில் யாரும் அத்தாட்சி கேட்பது இல்லை. வேலை போன பிறகுதான், அல்லது விபத்து நடந்த பிறகுதான், அந்தக் கேள்வி வருகிறது.

"நீ அங்கே வேலை பார்த்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்? எவ்வளவு சம்பளம் வாங்கினாய் என்பதற்கு என்ன ஆதாரம்?"

ஒரு காகிதம், எவ்வளவு பணம்?

ஒரு காகிதம் இல்லாவிட்டால் அப்படி என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திருச்செங்கோடு பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே ஒருவர் 12 வருஷம் வேலை பார்த்துவிட்டு நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சம்பளம் மாதம் 13 ஆயிரம் ரூபாய்.

அவருக்குப் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, வரவேண்டும். ஒரு வருஷ வேலைக்கு 15 நாள் சம்பளம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கணக்கு. 13 ஆயிரத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 500 ரூபாய். 15 நாளைக்கு 7,500 ரூபாய். 12 வருஷத்துக்கு 90 ஆயிரம் ரூபாய்!

ஆனால் முதலாளி, "இவர் என்னிடம் 7 வருஷம்தான் இருந்தார்" என்கிறார். தொழிலாளியிடம் காகிதம் இல்லை. 90 ஆயிரம் 52,500 ஆகிவிடுகிறது.

"4 வருஷம்தான் இருந்தார்" என்றால்? நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை கிடைக்கப் பொதுவாக 5 வருஷ வேலை வேண்டும். மரணமோ ஊனமோ நேர்ந்தால்தான் இந்த 5 வருஷக் கணக்கு இல்லை. ஆகவே அவருக்கு ஒன்றுமே இல்லை.

ஒவ்வொரு வருஷத்துக்கும் காகிதம் இல்லாவிட்டால் 7,500 ரூபாய் நஷ்டம். பிராவிடண்டு பண்டு, போனஸ், விபத்து நஷ்டஈடு எல்லாம் இதே போலத்தான். எத்தனை வருஷம், எவ்வளவு சம்பளம் என்ற இரண்டு கேள்விகளின் மேல்தான் அவை நிற்கின்றன.

முதலாளி ஏன் மறுக்கிறார்?

"மொதலாளிங்க, இங்கே வேலை பார்த்ததுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

"சீட்டு எதுக்குப்பா? கூலிதான் வாரா வாரம் வாங்கிக்கிறியே!"

இந்தப் பதிலுக்குப் பின்னால் சில காரணங்கள் உண்டு.

10 பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். 20 பேர் ஆனால் பிராவிடண்டு பண்டு கட்ட வேண்டும். சீட்டு கொடுத்தால் ஆள் கணக்கு வெளியே வந்துவிடும். ஒரே கூரையின் கீழ் தம்பி பெயரில் ஒரு பட்டறை, மனைவி பெயரில் ஒரு பட்டறை என்று பிரித்து எழுதுகிறவர்களுக்கு இந்தப் பயம் அதிகம்.

சிலர், "அவர் என் ஆள் இல்லை, காண்ட்ராக்டர் கூட்டி வந்த ஆள்" என்பார்கள். இன்னும் சிலர், "முன்பணம் வாங்கியிருக்கிறாய், முதலில் அதைக் கட்டு" என்பார்கள்.

எல்லா முதலாளிகளும் கெட்டவர்கள் அல்ல. நாலு தறி வைத்திருப்பவரும் பெரிய ஜவுளி வியாபாரியிடம் கூலிக்கு நெய்து கொடுப்பவர்தான். அவருக்குக் கணக்குப்பிள்ளை கிடையாது. கையெழுத்துப் போட்டால் என்ன வம்பு வருமோ என்று பயப்படுகிறார்.

காரணம் எதுவானாலும் நஷ்டம் தொழிலாளிக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சம்பளப் பட்டுவாடாச் சட்டம் 1936-ல் வந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-ல் வந்தது. அந்தக் காலத்தில் இருந்தே ரிஜிஸ்தர் வைக்க வேண்டியது முதலாளியின் கடமை.

அந்த இரண்டு சட்டங்களும் போனஸ் சட்டமும் சம ஊதியச் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்து, 2019-ல் ஊதியச் சட்டத் தொகுப்பு ஆயிற்று. அது 21-11-2025 அன்று நடப்புக்கு வந்தது.

அதன் 50-வது பிரிவு சொல்வது இதுதான்: ஆட்களின் விவரம், வருகை, கூலி இவற்றுக்கு முதலாளி ரிஜிஸ்தர் வைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டுக் கொடுக்க வேண்டும். விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ 5 பேருக்கு மேற்படாமல் வைத்திருப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அவரும், அதிகாரி கேட்டால், கூலி கொடுத்ததற்குத் தக்க ஆதாரம் காட்டியாக வேண்டும்.

ஆகவே சம்பளச் சீட்டு கேட்பது பிச்சை கேட்பது அல்ல. அது உரிமை.

59-வது பிரிவு இன்னும் முக்கியமானது. கூலி வரவில்லை, குறைவாக வந்தது, அநியாயமாகப் பிடித்துவிட்டார்கள் என்று தொழிலாளி மனுக் கொடுத்தால், "கொடுத்துவிட்டேன்" என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான்!

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கூலி கொடுத்ததை முதலாளி நிரூபிக்க வேண்டும், சரி. "இவர் யார் என்றே எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்லிவிட்டால்?

அங்கேதான் வழக்குகள் கோர்ட்டுக்குப் போயின.

மூன்று தீர்ப்புகள்

2002-ல் கர்நாடக வனத்துறை சம்பந்தமான ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தேன் என்றார் தொழிலாளி. தம்முடைய பிரமாண வாக்குமூலத்தைத் தவிர வேறு ஆதாரம் அவர் தரவில்லை. "அது போதாது. சம்பளம் வாங்கியதற்கோ நியமனத்துக்கோ ஏதாவது அத்தாட்சி காட்ட வேண்டும்" என்றது கோர்ட்டு. தொழிலாளி தோற்றார்.

இந்தத் தீர்ப்பைக் கேட்டதும் பலர் மனம் உடைந்திருப்பார்கள். கூலிக்காரனிடம் நியமன உத்தரவு எங்கே இருக்கும்?

2005 நவம்பரில் இன்னொரு வழக்கு. இதுவும் கர்நாடகத்தில் இருந்து வந்ததுதான். அரசு பொறியாளர் அலுவலகம் ஒன்றில் 1988 முதல் 1994 வரை தினக்கூலியாக வேலை பார்த்தவர் அவர். அவரிடம் ஒரே ஒரு காகிதம் இருந்தது. அங்கே முன்பு இருந்த அதிகாரி, இவர் இத்தனை காலம் வேலை பார்த்தார் என்று எழுதிக் கொடுத்த சான்று!

அவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். அந்தக் காகிதத்தைக் காட்டினார். "மஸ்டர் ரோலைக் கொண்டு வரச் சொல்லுங்கள்" என்று கேட்டார். இலாகா முழு மஸ்டர் ரோலையும் கொண்டு வரவில்லை.

சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது? முதலில் நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளிதான். ஆனால் தினக்கூலிக்கு நியமன உத்தரவும் ரசீதும் இருக்காது. ஆகவே அவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லலாம், ரிஜிஸ்தரைக் கேட்கலாம். அதற்கு மேல் என்ன என்பது அந்தந்த வழக்கின் விவரத்தைப் பொறுத்தது. இந்த வழக்கில் தொழிலாளி ஜெயித்தார்.

மூன்றாவது வழக்கு 2009-ல் வந்தது. குஜராத் மீன்வளத் துறையில் 1985 முதல் 1991 வரை தினக்கூலியாக இருந்தவர் அவர். தினக்கூலிக்காரருக்கு ஆபீஸ் தஸ்தாவேஜுகள் கைக்கு எட்டாது. அவர் கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டார். அதன்பின் பாரம் நிர்வாகத்தின் தலைக்கு மாறுகிறது. முழு ரிஜிஸ்தரைக் காட்டாத நிர்வாகத்துக்கு எதிராகவே முடிவு செய்யலாம் என்றது கோர்ட்டு.

மூன்று தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். வெறும் வாய்ப்பேச்சு போதாது. ஆனால் தொழிலாளி ஒரு நூல் நுனியையாவது கொண்டு வந்துவிட்டால், நூற்கண்டைக் கொண்டு வர வேண்டியது முதலாளி.

இது சாட்சியச் சட்டத்தில் பழைய நியாயம். தன் கையில் இருக்கும் தஸ்தாவேஜை ஒருவர் ஒளித்தால், அது அவருக்குப் பாதகமானது என்று கோர்ட்டு ஊகிக்கலாம். 1872-ம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொன்னது. 1-7-2024 முதல் அதன் இடத்துக்கு வந்த புதுச் சட்டமும் அப்படியே சொல்கிறது.

"அவர் காண்ட்ராக்டர் ஆள்!"

இந்தச் சாக்குக்கும் பதில் உண்டு.

கோழிக்கோட்டில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலை. 29 தொழிலாளிகளுக்கு வேலை மறுக்கப்பட்டது. "அவர்கள் காண்ட்ராக்டர்கள் வைத்த ஆட்கள், எனக்குச் சம்பந்தம் இல்லை" என்றார் முதலாளி.

1978-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்தத் திரையை விலக்கிப் பார்த்தார். தொழிலாளிகளின் உழைப்பு யாருடைய வியாபாரத்துக்குச் சரக்கைத் தருகிறது? அவர்கள் பிழைப்பு யார் கையில் இருக்கிறது? அவரே உண்மையான முதலாளி. நடுவில் நிற்கும் காண்ட்ராக்டர் பெயருக்குத்தான்.

மீட்டர் கணக்கில் கூலி வாங்குவதால் ஒருவர் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. நாள் கூலியோ, மீட்டர் கூலியோ, டிரிப் கூலியோ, எல்லாம் கூலிதான்.

நூல் நுனி எங்கே இருக்கிறது?

முதலாளி கொடுக்க மறுக்கும் காகிதம் வேறு பல இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கும். தேடினால் கிடைக்கும்.

இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அது முதல் தரமான ஆதாரம். பி.எப். நம்பர் இருந்தால் பாஸ்புத்தகத்தில் எந்தக் கம்பெனி, எந்த மாதம், எவ்வளவு பணம் என்று தெரியும். கூலி பாங்கியில் வந்தாலும் போன் மூலம் வந்தாலும் பாங்கிக் கணக்கில் அது பதிவாகும்.

அடையாள அட்டை, கேட் பாஸ், ஆலை விடுதிச் சீட்டு, போனஸ் கொடுத்தபோது கையெழுத்துப் போட்ட வவுச்சர், மீட்டர் எழுதிய நோட்டு இவையும் ஆதாரம்தான். வேலையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், எங்கே, எப்படி அடிபட்டது என்று அங்கே எழுதிக்கொள்வார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

"நாளைக்கு ராத்திரி ஷிப்டுக்கு வந்துவிடு" என்று மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகூடப் பயன்படும். அதை அழிக்கக் கூடாது. போனையும் தொலைக்கக் கூடாது.

லாரி டிரைவருக்கு டிரிப் ஷீட் இருக்கும். லாரி புக்கிங் ஆபீசிலும் எடைமேடையிலும் செக்போஸ்டிலும் பெட்ரோல் பங்கிலும் அவர் பெயரோ கையெழுத்தோ இருக்கக்கூடும். டிரைவர் வெளி மாநிலத்தில் இருக்கும்போது அந்தக் காகிதங்கள் லாரியோடு போய்விடுகின்றன. ஆகவே ஒவ்வொரு டிரிப் ஷீட்டையும் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஏதாவது நேர்ந்தால் மனைவி மக்கள் கையில் அது இருக்கும்.

ரிக் வண்டியில் போர் போடப் போகும் வெளி மாநிலத்து ஆட்களுக்கும் இதே யோசனைதான்.

கடைசியாகக் கூட வேலை பார்த்தவர்களின் சாட்சி. பக்கத்துத் தறிக்காரர் சொல்லும் வார்த்தைக்கும் மதிப்பு உண்டு.

சம்பளத்துக்குச் சீட்டு இல்லாவிட்டால்?

2004-ல் கர்நாடகத்தில் ஒரு கூலித் தொழிலாளி வாகன விபத்தில் அடிபட்டார். மாதம் 4,500 ரூபாய் சம்பாதித்தேன் என்றார். சீட்டு இல்லை. 3 ஆயிரம் ரூபாய்தான் என்று கீழே கணக்கிட்டார்கள்.

2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றியது. அந்தக் காலத்தில் கூலிக்காரருக்கு நாளைக்கு 100 முதல் 150 ரூபாய் கிடைத்தது. ஆகவே அவர் கேட்டது நியாயமான தொகை என்று 4,500 ரூபாயையே ஏற்றுக்கொண்டது.

ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று கோர்ட்டு சொல்லவில்லை. ஒவ்வொரு வழக்கும் அதன் விவரத்தைப் பொறுத்தது என்றது. 12 ஆயிரம் வாங்கியவர் 25 ஆயிரம் என்று சொன்னால், அவர் சொன்ன உண்மையும் கெட்டுப்போகும். கூட்டிச் சொல்லவும் கூடாது. பொய்ச் சீட்டுத் தயாரிக்கவும் கூடாது.

யாரிடம் போவது?

முதல் படி, எழுதிக் கேட்பது. நீளமான கடிதம் வேண்டாம். இவ்வளவு போதும்:

"ஐயா, நான் உங்கள் பட்டறையில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தறி ஓட்டும் வேலை பார்த்தேன். வாரக் கூலி இவ்வளவு. என் வேலைக்கும் கூலிக்கும் சான்றும், சம்பளச் சீட்டுகளும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

தேதியும் கையெழுத்தும் போட்டு, ஒரு நகல் வைத்துக்கொண்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்ப வேண்டும். தபால் ரசீதைக் கடிதத்தின் நகலோடு சேர்த்து வைக்க வேண்டும். முதலாளி பதில் போட்டால் அது ஓர் ஆதாரம். பதில் போடாவிட்டால், கேட்டும் கொடுக்கவில்லை என்பதற்கு அந்த ரசீது ஆதாரம்.

இரண்டாவது படி, தொழிலாளர் துறை. சேலத்திலும் நாமக்கல்லிலும் அலுவலகங்கள் உண்டு. கூலிப் பாக்கிக்குத் தொழிலாளியே மனுக் கொடுக்கலாம்; சங்கமும் கொடுக்கலாம். 3 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். விசாரணை அதிகாரி பாக்கியை வாங்கித் தருவதோடு, அதைப் போல 10 மடங்கு வரை நஷ்டஈடும் விதிக்கலாம். முதலாளி கட்டாவிட்டால் நிலவரிப் பாக்கி போல வசூலிக்க வழி உண்டு.

மூன்றாவது, பி.எப். அலுவலகம். சேலத்தில் அதன் மண்டல அலுவலகம் இருக்கிறது. "என் பெயரைச் சேர்க்கவில்லை" என்று அங்கே புகார் செய்யலாம். ரிஜிஸ்தர் முதலாளியிடம் இருக்கும்போது, தொழிலாளி காகிதம் தரவில்லை என்று கமிஷனர் சும்மா இருக்க முடியாது. தமது அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆதாரங்களை வரவழைக்க வேண்டும். இந்திய உணவுக் கழக வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இதுதான். அந்தத் தீர்ப்பு 1990-ம் ஆண்டுச் சட்டத் தொகுதியில் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? 1987-ம் ஆண்டு சட்ட உதவிச் சட்டப்படி பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளிகள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. மாவட்டக் கோர்ட்டில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும்.

முன்பணம் என்னும் கயிறு

தறித் தொழிலில் முன்பணம் வாங்காதவர்கள் குறைவு. அந்தக் கடனைக் காட்டி, "கணக்குத் தீர்கிற வரையில் வேறு பட்டறைக்குப் போகக் கூடாது" என்று ஒருவரைக் கட்டிப்போட்டால் அது குற்றம். 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. "இது கொத்தடிமைக் கடன்" என்று தொழிலாளி சொன்னால், "இல்லை" என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். கலெக்டரிடமும் கோட்டாட்சியரிடமும் முறையிடலாம்.

முன்பணம் வாங்கும்போது வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போடக் கூடாது. வாங்கிய தொகையையும் பிடித்த தொகையையும் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும்.

பத்து ரூபாய் நோட்டு

வேலை போன பிறகு ஆதாரம் தேடுவது கஷ்டம். வேலையில் இருக்கும்போது சேர்ப்பது சுலபம்.

ஒரு பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். தேதி, என்ன வேலை, எத்தனை மீட்டர் அல்லது எத்தனை மணி, எவ்வளவு கூலி, யார் கொடுத்தார்கள். இந்த ஐந்து விஷயங்களையும் தினமும் ஒரு வரியில் எழுதலாம். தமக்கு எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லலாம். அப்பா என்ன வேலை செய்கிறார், வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று பிள்ளைக்கும் தெரியும்.

அந்த நோட்டு மட்டுமே வழக்கை ஜெயித்துவிடாது. ஆனால் பாங்கிக் கணக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டும், பக்கத்துத் தறிக்காரர் சாட்சியும் அதோடு ஒத்துப்போனால், "இவர் யார் என்றே தெரியாது" என்ற பேச்சு எடுபடாது.

முதலாளியின் ரிஜிஸ்தர் அவருடைய பீரோவில் இருக்கிறது. அதைக் கொண்டு வரச் சொல்லக் கோர்ட்டு இருக்கிறது. கேட்க வைக்கும் முதல் காகிதத்தை மட்டும் தொழிலாளிதான் சேர்த்து வைக்க வேண்டும்.